ஒருவருக்கு மட்டும் கேட்ட சத்தம்

திண்டுக்கல் என்ற பெயருக்கு ஊரார் சொல்லும் விளக்கம் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாய்ந்து படுக்கும் திண்டைப் போலக் கிடக்கிற கல்; ஆகையால் திண்டுக்கல். ரயிலில் வருகிறவர்கள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துவிட்டு, "ஆமாம், தலையணை மாதிரிதான் இருக்கிறது" என்று ஒப்புக்கொள்வார்கள். தலையணை வாய்த்த ஊருக்குத் தூக்கமும் வாய்த்ததா என்று கேட்டால், சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1755-இல் பௌஜ்தாராக இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களை அமர்த்தி ஆயுதப் பட்டறை வைத்தார். 1790-இல் மூன்றாவது மைசூர்ப் போரில் கும்பினிப் படை வந்து கோட்டையைப் பிடித்தது. இடையில் எத்தனை முறை இந்தப் பாறை பீரங்கிச் சத்தத்தை எதிரொலித்ததோ!

போர்ச் சத்தம் ஓய்ந்தபிறகு பிழைப்புச் சத்தம் வந்தது. பூட்டுப் பட்டறைச் சுத்தியல், நூல் மில்லின் சங்கு, ஜங்ஷனில் நடுநிசியில் பெட்டிகள் முட்டிக்கொள்ளும் ஓசை, சுற்று வட்டாரக் கல் குவாரிகளில் வைக்கிற வேட்டு, மாசி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் போடும் அதிர்வேட்டு. இந்த ஊர்க்காரனுக்குச் சத்தம் புதிதல்ல என்பதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன். ஏனென்றால் நான் சொல்லப் போகிறவர் ஒரு சத்தத்துக்கு அஞ்சினார். அந்தச் சத்தம் ஊரில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

அவர் பூட்டு வேலைக்காரர். வயது 70-ஐ நெருங்குகிறது. மாங்காய்ப் பூட்டு என்று ஊரெங்கும் பெயர் வாங்கிய அந்தப் பித்தளைப் பூட்டைக் கையாலேயே அறுத்து, ராவி, கூட்டித் தருகிற பழைய தலைமுறை ஆசாமி. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். அதற்கு வெகு காலம் முன்பே அலிகார் பூட்டும் எந்திரப் பூட்டும் வந்து பாதிப் பட்டறைகளைச் சாத்திவிட்டன. இவர் மட்டும் விடவில்லை. வேலை செய்யும்போது இவர் பூட்டைப் பார்ப்பதே குறைவு. காதருகே வைத்துச் சாவியைத் திருப்புவார். உள்ளே லீவர் எழுந்து விழுகிற ஓசையைக் கேட்டு, "மூணாவது கொஞ்சம் தடிச்சுப் போச்சு" என்று சொல்லிப் பிரித்து அரத்தால் ஓர் இழுப்பு இழுப்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான் தடித்திருக்கும். அப்படிப்பட்ட காது.

அந்தக் காதுக்குத்தான் 3 வருஷமாக வேட்டுச் சத்தம் கேட்டது. தினமும் அல்ல. சில மாதம் ஒன்றுமே இருக்காது; சில வாரம் இரண்டு மூன்று தடவை வரும். படுத்து, கண் சொருகி, இதோ தூங்கிவிட்டோம் என்கிற அந்தக் கணத்தில், தலைக்குள்ளேயே ஒரு வெடி. சில சமயம் வெளிச்சம் ஒன்றும் பளிச்சென்று அடிக்குமாம். "வலியிருக்குமா?" என்று கேட்டேன். "வலியே இல்ல தம்பி. நெஞ்சு மட்டும் அடிச்சுக்கிடும். எந்திரிச்சுப் போயிக் கதவைப் பாப்பேன், பட்டறையைப் பாப்பேன். ஒண்ணும் ஆகியிருக்காது. வந்து படுத்துக்கிடுவேன்" என்றார். அவருடைய மனைவி குறுக்கிட்டு, "நானுந்தானே தம்பி பக்கத்துல படுத்துக் கெடக்கேன்? ஒரு குண்டூசி விழுந்த சத்தங்கூட இல்ல. இவுகளாத்தான் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு 'என்ன சத்தம்'னு கேப்பாக" என்றார்.

முதலில் வீடு சிரித்தது. பிறகு தாயத்துக் கட்டியது. பிறகு காது டாக்டரிடம் அழைத்துப் போனது. காது நன்றாக இருக்கிறது என்றார் அவர். தலையைப் படம் எடுத்தார்கள். தலையும் நன்றாக இருக்கிறது. "ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த 'ஒன்றும் இல்லை' இருக்கிறதே, இதைப் போல இரண்டு முகம் கொண்ட வார்த்தை தமிழில் வேறு உண்டா என்று தெரியவில்லை. நோய் ஒன்றும் இல்லை என்ற பொருளில் டாக்டர் சொன்னார். சத்தம் ஒன்றும் இல்லை, கிழவர் கற்பனை செய்கிறார் என்ற பொருளில் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள்.

உண்மையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் சூட்டியவர் கதாசிரியராகப் போயிருக்கவேண்டியவர். 1988-இல் பியர்ஸ் என்ற ஆங்கில நரம்பியல் டாக்டர் 'லான்செட்' பத்திரிகையில் எழுதியபோது வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், 'வெடிக்கும் தலை'. தலை வெடிப்பதும் இல்லை, வலிப்பதும் இல்லை. ஆனால் பெயரைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடும். அடுத்த ஆண்டே அவர் 50 பேருடைய அனுபவத்தைத் தொகுத்து எழுதினார். அவருக்கு முன்பும் சிலர் இதைக் கவனித்திருக்கிறார்கள். 1920-இல் ஆம்ஸ்டிராங் ஜோன்ஸ் என்ற டாக்டர், மூளையில் ஏதோ 'சொடுக்கென்று அறுந்தாற்போல' இருக்கிறது என்ற விதமாக இதை வர்ணித்தார். அவருக்கும் முன்னே, 1876-இல், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வீர் மிட்செல் எழுதியிருக்கிறார். நம் நாட்டு நோயாளியைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது: 2013-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையில், 57 வயது இந்தியர் ஒருவர் 2 வருஷத்தில் 4 தடவை தலையின் வலப்பக்கத்தில் வெடித்தாற்போலக் கேட்டு விழித்த கதை பதிவாகியிருக்கிறது. அவரையும் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டுத்தான் இன்னதென்று முடிவு கட்டினார்கள்.

காரணம்? இப்போதைக்கு ஊகம்தான். நாம் தூங்கப் போகிறபோது மூளைத் தண்டில் உள்ள ஒரு நரம்பு வலை, உடம்பின் அசைவு, பார்வை, செவி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கிச் சாத்துகிறது. கடை வீதியில் ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர்கள் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மெல்ல இறங்கவேண்டியவை. ஒரு நாள் ஒன்று கை நழுவித் தடாலென்று விழுகிறது. செவிக்குரிய நரம்புகள் அடங்குவதற்குப் பதிலாக ஒரே கணத்தில் சேர்ந்து துடித்துவிடுகின்றன என்கிறார்கள். கவலையும் களைப்பும் தூக்கக் குறைவும் இதை அதிகப்படுத்தும். ஆபத்து எதுவும் இல்லை. இன்னதென்று எடுத்துச் சொல்லிவிட்டாலே பலருக்கு இது குறைந்துவிடுவதும் உண்டு.

இது அபூர்வமான கோளாறு என்றுதான் வெகு காலம் எழுதிவந்தார்கள். 2015-இல் ஷார்ப்லெஸ் என்ற மனோதத்துவ அறிஞர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 211 பேரைப் பக்குவமாக விசாரித்தார். நூற்றுக்கு 18 பேர், ஒரு தடவையாவது வந்திருக்கிறது என்றார்கள். நூற்றுக்குப் பதினெட்டு எப்படி அபூர்வமாகும்? அபூர்வமாக இருந்தது சத்தமல்ல, அதை வெளியே சொல்கிற துணிச்சல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே சொன்ன வீர் மிட்செலைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். முழங்காலுக்குக் கீழே காலே இல்லாதவன், "கால் கட்டைவிரல் வலிக்கிறது" என்று அழுவான். இல்லாத காலில் இருக்கிற வலி! அதை மனப்பிராந்தி என்று தள்ளாமல் உட்கார்ந்து கேட்டு, 1871-இல் அதற்கு 'மாய அங்கம்' என்ற பொருளில் பெயர் கொடுத்தார். இல்லாத காலின் வலியையும் இல்லாத வெடியின் ஓசையையும் ஒரே மனிதர் பதிவு செய்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கருவிகள் குறைந்த காலம் அது. நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றுதான் அவருக்குச் சாட்சி. அதை அவர் சாட்சியாக ஏற்றுக்கொண்டார்.

சாட்சி என்ற சொல்லுக்கு வந்துவிட்டோம். என்னை இதை எழுதச் செய்ததே அதுதான்.

பூட்டுக்காரர் வீட்டுக்கு எதிரே இரண்டு வீடுகள். நடுவே ஒரு சந்து. சந்து ஒரு வீட்டுக்காரருக்குச் சொந்தம். அடுத்த வீட்டில் ஒரு விதவை அம்மாள் இருக்கிறார். அந்த அம்மாளின் கொல்லைக்கு வேறு வழி கிடையாது. 18 வருஷத்துக்கு முன்னால் சந்துக்குச் சொந்தக்காரர், "நீங்க இருக்கிற மட்டும் இந்த வழியா நடந்துக்கங்க, ஆயா" என்று சொன்னார். எழுத்து இல்லை, பத்திரம் இல்லை. சொல்லும்போது பூட்டுக்காரர் கூட இருந்தார். சொன்னவர் இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் சந்தை அடைத்து மாடிப்படி கட்டவேண்டும் என்கிறார்கள். தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பூட்டுக்காரர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். அப்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து, மரியாதையாகவே, "அய்யாவுக்கு ராத்திரியில இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்னு ஊருக்கே தெரியும். எங்கப்பா சொன்னதும் அப்படிக் கேட்டதோ என்னவோ" என்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது.

நான் அன்று அங்கே இல்லை. பிறகு கேள்விப்பட்டபோது, கோபத்தைக் காட்டிலும் ஒரு வியப்புத்தான் முதலில் வந்தது. எவ்வளவு சுலபமாக ஒரு மனிதரைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம்! பொய் சொன்னார் என்று நிரூபிக்கவேண்டாம். லஞ்சம் வாங்கினார் என்று சொல்லவேண்டாம். நமக்குக் கேட்காத ஒன்று அவருக்குக் கேட்டது என்று எடுத்துச் சொன்னால் போதும்.

இது நியாயம்தானா என்று யோசித்துப் பார்ப்போம். தமிழில் 'நான் பார்த்தேன்' என்று சொல்கிறோம். சத்தம் என்றால் 'எனக்குக் கேட்டது', 'காதில் விழுந்தது' என்கிறோம். எனக்குப் பசித்தது, எனக்கு வலித்தது, எனக்குக் குளிர்ந்தது என்கிற அந்த வரிசையிலேயே இதுவும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பசித்தது என்று ஒருவன் சொன்னால், "எனக்குப் பசிக்கவில்லையே, உனக்கு மட்டும் எப்படி?" என்று யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. ஆனால் கேட்டது என்று சொன்னால் மட்டும், எங்களுக்கும் கேட்டதா என்று பார்க்கிறோம். சத்தம் பாதி பசியைப் போல அவனவனுக்குச் சொந்தம்; பாதி மழையைப் போல ஊருக்குப் பொது. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் வம்பு.

நம்முடைய பழைய ஆசிரியர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை வகுக்கும்போது, காண்டல், கருதல், உரை என்று சொல்லி, காண்டலிலேயே வகை பிரிக்கிறார். கண் காது முதலிய வாயில்கள் வழியாக வருவது ஒன்று. இன்பம் துன்பம் போலத் தனக்குத் தானே உணர்வது ஒன்று. பின்னதற்குத் தன்வேதனைக் காட்சி என்று பெயர். கயிற்றைப் பாம்பென்று காணும் திரிபையும் தனியே வைத்துப் பேசுகிறார்கள். பூட்டுக்காரரின் வெடிச் சத்தம் எந்த வகை? வெளியே ஒரு வெடி வெடித்தது என்று அவர் சொல்லியிருந்தால் அது திரிபு. அவர் அப்படி ஒரு நாளும் சொல்லவில்லை. 'எனக்குக் கேட்டது' என்றார். எழுந்து போய்ப் பார்த்தார். 'ஒன்றும் ஆகவில்லை' என்றார். கேட்டது வேறு, நடந்தது வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். இவரைச் சாட்சிக்கு ஆகாதவர் என்றால், தமக்குக் கேட்டதெல்லாம் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிற மற்றவர்களை என்ன செய்வது?

ஐரோப்பாவில் ஒரு பெரிய தத்துவ ஞானிக்கும் இந்த அனுபவம் நேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். 1619-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி இரவு, 23 வயது டேகார்ட், ஜெர்மனியில் கணப்பு மூட்டிய ஓர் அறையில் படுத்திருந்தார். அடுத்தடுத்து மூன்று கனவு. இரண்டாவதில் இடி இடித்தாற்போன்ற பெரும் ஓசை; விழித்தால் அறையெங்கும் தீப்பொறிகள். அவர் கண்ணை மூடியும் திறந்தும் பார்த்து, எது நிஜம் என்று சோதித்துக்கொண்டு மறுபடி தூங்கினாராம். அவர் குறிப்பேட்டைப் பார்த்து 1691-இல் சரிதம் எழுதியவர் சொல்கிற செய்தி இது. அந்த இடி, சத்தியத்தின் ஆவி தம்மேல் இறங்கியதற்கு அடையாளம் என்று டேகார்ட் பொருள் செய்துகொண்டார். எல்லாவற்றையும் சந்தேகி என்று உலகத்துக்குச் சொன்னவர் தம் தலைக்குள் கேட்ட சத்தத்தைத் தெய்வ சமிக்ஞை என்று நம்பினார் என்றால், அந்த விஷயத்தில் எங்கள் பூட்டுக்காரர் அவரைவிட ஒரு படி கண்டிப்பானவர் என்றே சொல்வேன். 2018-இல் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர், டேகார்ட்டுக்கு வந்தது இந்த வெடிக்கும் தலைதானோ என்று கேட்டு எழுதினார். 400 வருஷம் கழித்து நாடி பிடிப்பது எவ்வளவு சரியோ! ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆமாம், டேகார்ட்டின் சத்தத்துக்கு மரியாதை. பூட்டுக்காரரின் சத்தத்துக்குச் சிரிப்பு. சொல்லப்போனால் என் கதையும் அப்படித்தான். நான் நாவல் எழுதுகிறவன். இல்லாத மனிதர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. அதை எழுதிக் கொடுத்தால் பணம் அனுப்புகிறார்கள்.

2020-ஆம் வருஷம் மே 20-ஆம் தேதி மத்தியானம் பெங்களூரில் ஒரு பெரிய வெடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. லட்சக்கணக்கான பேர் திகைத்தார்கள். பூகம்பம் என்றார்கள் சிலர், குண்டு என்றார்கள் சிலர். கடைசியில் ராணுவத் தரப்பு, ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த சோதனை விமானத்தின் அதிர்வு என்று சொல்லிற்று. எங்கள் திண்டுக்கல் பக்கத்திலும் பட்டப்பகலில் வானம் பிளந்தாற்போலக் கேட்டு, ஜனங்கள் வீட்டை விட்டு ஓடிவந்து நிற்பதுண்டு. பெங்களூரில் எதுவுமே வெடிக்கவில்லை. பூகம்பம் என்று சொன்னவர்களும் குண்டு என்று சொன்னவர்களும் நடக்காததைச் சொன்னவர்கள்தான். அவர்களில் ஒருவரையாவது, அதற்காக, வேறொரு வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்று தள்ளினோமா? இல்லை. லட்சம் பேரோடு சேர்ந்து தவறாகக் கேட்டால் அது செய்தி. தனியாகக் கேட்டால் பைத்தியம்.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. காதில் விழுகிற எல்லாமே இப்படித் தீங்கற்றவை அல்ல. யாரோ திட்டுகிறார்கள், ஏவுகிறார்கள் என்று குரல் கேட்பது வேறு நோய். அதற்கு வைத்தியம் வேண்டும், தாமதமும் கூடாது. தூக்கத்தில் வலிப்பு வருகிறவர்களுக்கும் விசித்திரமான ஓசை கேட்கலாம். அதனால்தான் டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்துவிட்டுக் கடைசியில் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பு என்று நான் வாதாடவில்லை. ஆனால், குரல் கேட்கிற அந்த நோயாளியானாலும் சரி, சந்தில் நடந்ததைப் பற்றி அவன் சொல்வதை அந்தச் சந்தைக் கொண்டல்லவா சோதிக்கவேண்டும்? அந்த அம்மாள் 18 வருஷமாக அந்த வழியில் நடந்தாரா, இல்லையா? நடந்தபோது யாராவது தடுத்தார்களா? இதையெல்லாம் கேட்க நேரமில்லாதவர்கள் கிழவரின் தூக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர்களுக்கு அவர் காதின் மேல் உண்மையில் சந்தேகம் இருந்ததாகவே எனக்குப் படவில்லை. பூட்டு வாங்குவதானால் இன்றைக்கும் அவரிடம்தான் வருவார்கள். அவர் காதை நம்பித்தான் வருவார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் சத்தத்தைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. ராத்திரி விழித்துக்கொண்டால் விளக்குப் போடாமல், மனைவிக்குத் தெரியாமல், இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாராம். படுக்கப் பயந்து பட்டறையில் நேரம் கழித்தார். தூக்கம் குறைந்தது. குறையக் குறையச் சத்தம் அதிகமாயிற்று. இந்த வட்டத்தில் ஒரு மனிதர் எத்தனை நாள் சுற்றமுடியும்?

அவருடைய மகளுக்கு மதுரையில் வீடு. அவள்தான் பிடிவாதமாக அழைத்துப்போய் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினாள். அந்த டாக்டர் பழைய படங்களைப் பார்த்தார். தூக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார். பிறகு ஒரு காகிதத்தில் தலையை வரைந்து, ஷட்டர் கதையைப் போல ஏதோ சொல்லி விளக்கியிருக்கிறார். கிழவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப வேற ஆளுகளுக்கும் கேக்குதா?" என்றாராம். "நிறையப் பேருக்கு" என்றார் டாக்டர். மருந்து எழுதவில்லை. நேரத்தோடு படுக்கச் சொன்னார்.

திரும்பி வந்ததிலிருந்து சத்தம் அடியோடு நிற்கவில்லை, எப்போதாவது வருகிறது. வந்தால், "போடு!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வதாக அவர் மனைவி சிரித்துக்கொண்டு சொன்னார். இப்போது கதவைப் பார்க்கக்கூடப் போவதில்லையாம்.

சந்து விவகாரம் தீரவில்லை. அந்த அம்மாளின் தம்பி மகன் வக்கீலைப் பார்த்திருக்கிறான். கோர்ட்டுக்குப் போகுமுன் இன்னொரு தடவை உட்கார்ந்து பேசுவோம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பூட்டுக்காரரை மறுபடி கூப்பிடுவார்கள். சத்தத்தைப் பற்றி மறுபடியும் எடுத்தால் என்ன சொல்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். கையிலிருந்த பூட்டைக் காதருகே வைத்து ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "கேட்டுச்சுன்னுதான் சொல்லுவேன் தம்பி. கேட்டதைக் கேக்கலைன்னு சொன்னா, அப்புறம் அந்த அம்மா வெவகாரத்துல நான் சொல்றதை எவன் நம்புவான்?" என்றார். பேச்சு ஆவணி மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.